உமிச் சாம்பல் போட்ட பின்பலகை

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். கத்தாரில் குழாய் வார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கையால்தான். மேற்பார்வைக்காரன் ஒருவன் என் வாப்பாவை இழுத்து ஏதோ சொன்னான். சொல்லி முடிக்கும் முன் மூக்குடைந்து கிடந்தான். அடுத்த கிழமை என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கல்முனைக்கு வந்த பிறகு அதை வெட்கமில்லாமல் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பைபர் போட் வேலைக்காரர்கள் எனக்கு ஹார்ட்னர் என்று பட்டம் வைத்தார்கள். படகு வார்க்கிற ரெசின் பசையைச் சூடேற்றி இறுக வைக்கிற மருந்துக்கு அதுதான் பெயர். என் முகத்துக்கு முன்னால் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இதை எழுதுவது என் தங்கச்சிக்காக. மூன்று மாதத்துக்கு மேல் அவள் என்னோடு கதைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தவன் பெண்ணுடைய வீட்டில் போய் இருப்பான். அவளுடைய வீடு நான் வெளிநாட்டில் நின்று கட்டியது. கேற்றுக்குப் பச்சை நிறம் அடித்ததும் நானே. அந்தக் கேற்றைத்தான் அவள் எனக்குப் பூட்டினாள். அவள் அதை மறுபடி திறப்பாளா மாட்டாளா என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

அவளுடைய மாப்பிள்ளை இறக்காமத்தில் வயல் செய்கிற குடும்பம். குரலை உயர்த்தாத மனிதர். நான் கடற்கரையில், பாண்டிருப்புப் பக்கமாக, தகரக் கொட்டில் போட்டு போட் வார்க்கத் தொடங்கியபோது அவரையும் கூட்டுக்குச் சேர்த்துக்கொண்டேன். என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். ஆனால் அந்தக் கொட்டிலில் நான் சொல்வதுதான் சட்டம் என்று இருவருக்கும் தெரியும். அவர் ஏதாவது யோசனை சொன்னால், நெல்லுக்காரர் எனக்கு ரெசின் படிப்பிக்கிறார் என்று ஆட்களுக்கு முன்னால் சிரிப்பேன். அவரும் கூடச் சிரிப்பார். அது அவருக்கு உண்மையிலேயே சிரிப்பாக இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ரெசின் பார்வைக்குத் தேன் மாதிரி இருக்கும், குணம் என்னுடையது. ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கினால் யாரும் நெருப்பு வைக்காமலே அதற்குள் சூடு பிறக்கும். மெல்லியதாகப் பூசினால் சூடு காற்றோடு போய்விடும். தடிப்பாக ஊற்றினால் அதற்குப் போக வழியில்லை. சூடு ஏற ஏற இறுக்கம் கூடும், இறுக இறுக இன்னும் சூடு ஏறும். கத்தாரில் ஒருவன் ஒரு வாளி ரெசினைக் கலந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனான். அவன் வரும்போது அது புகைந்து, பாளம் பாளமாக வெடித்து, வாளியை உருக்கி நிலத்தில் ஓடியிருந்தது. தூக்கப் போனவனின் காலில் செருப்பு ஒட்டிக்கொண்டது, செருப்போடு தோலும் வந்தது.

அதனால்தான் தடித்த இடங்களுக்குத் தூள் கலப்பது. நாங்கள் கலந்தது சோக்குத் தூள், கரும்பலகையில் எழுதுகிற சோக்கின் மா. அது எரியாது, ரெசினோடு சேர்ந்து கொதிக்காது, சும்மா இருந்து சூட்டைக் குடிக்கும். தூள் இருக்கிற இடத்தில் ரெசின் இல்லை, ஆகவே சூடும் அந்தளவுக்குக் குறைவு. மிச்சச் சூட்டைத் தூளின் ஒரு மணி அடுத்த மணிக்குக் கொடுத்து வெளியே கடத்திவிடும். அச்சின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் வேலை பழகினேன். என்னிடம் வெப்பமானி ஒன்றும் இருந்ததில்லை, கைதான்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்ற வருடத்தில் சோக்குத் தூளும் வராமல் போயிற்று. ரெசின் எப்படியோ கொஞ்சம் கிடைத்தது, தூள் இல்லை. அப்போது மச்சான் இறக்காமத்து ரைஸ் மில்லில் இருந்து உமிச் சாம்பலை அரித்து நாலு மூட்டை கொண்டுவந்தார். மூட்டையை ஒரு கையால் தூக்கி வைத்தார். அவ்வளவு இலேசு. அதைத் தொட்டுப் பார்க்கும்போதே அவர் சொன்னார்:

"மச்சான், இது சோக்கு மாதிரி இல்ல, உள்ளுக்கெல்லாம் காத்து. வாளியால அளக்காம நிறுத்துப் போடுவம். பின்பலகைய ஒரேயடியா ஊத்தாம மூணு தரமா ஊத்துவம்."

பின்பலகை என்பது போட்டின் பின்புறம், எஞ்சினைக் கொழுவுகிற இடம். போட்டிலேயே தடித்த வார்ப்பு அதுதான். நான் கேட்டுவிட்டு வழமைபோலச் சிரித்தேன். ஒரு வாளி ரெசினுக்கு அரை வாளி தூள் என்பது என் கணக்கு. தூள் எதுவானாலும் தூள்தான் என்றேன்.

அது வெள்ளிக்கிழமை. பாண்டிருப்பு மீனவர் ஒருவருடைய போட். மீன் படுகிற காலத்துக்கு முன் இறக்கித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். காலையில் முதல் கலவை இறுகாமல் சுணங்கியது. உமி சரியாக எரியாமல் கறுப்பாக இருந்தால் சாம்பல் ரெசினை மந்தமாக்கும் என்று பின்னால் படித்தேன். அன்று எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஹார்ட்னர்தான். இரட்டிப்பாக ஊற்றினேன்.

மூன்று தரமாக ஊற்றினால் ஒவ்வொன்றையும் ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே கடைகள் பூட்டிவிடும், தெரு வெறிச்சோடிவிடும். நான் ஜும்ஆத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்கிற ஆள். பின்னுக்கு நின்றால் அந்தக் கிழமையே சரிவராது என்று ஒரு பிடிவாதம். பாதி ஊற்றியபடி விட்டுப் போனால் ஒட்டுப் பிடிக்காது. முழுவதையும் ஒரேயடியாக அச்சுக்குள் கவிழ்த்தேன். கொஞ்சம் பொறுத்து வெளிப்புறத்தில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இளஞ்சூடு. வைத்துப் பாருங்கள் என்று மச்சானைக் கூப்பிட்டேன். அவரும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெளிய ஒண்டுமில்ல, உள்ளுக்கு எப்படியோ என்றார். பயமாக இருந்தால் இறக்காமத்துக்குப் போய் வரம்பு கட்டுங்கள் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். கொட்டிலைப் பூட்டினேன். சட்டென்று தீப்பிடிக்கிற அசிட்டோனில் கை துடைத்த பழந்துணிகளை அச்சுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன்.

நான் முதல் வரிசையில் இருந்தேன், மச்சான் பள்ளிவாசல் வெளி விறாந்தையில். குத்பா பிரசங்கத்தின் நடுவில் ஒரு மணம் வந்தது. எரிகிற ரெசின் மணம் எனக்குத் தெரியாததா? யாரோ குப்பை எரிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் இருந்து எழும்பி, அத்தனை தலைகளையும் தாண்டிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. வெளி விறாந்தையில் இருந்தவர் எழும்பி ஓடினார். எனக்கு அது தெரியாது. நான் தொழுது, ஸலாம் கொடுத்து, வெளியே வந்தபோது கடற்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

கொட்டிலின் பூட்டு உடைபட்டிருந்தது, தகரம் வளைந்து கிடந்தது. போட் எரிந்துகொண்டிருந்தது, பின்பலகை இரண்டாகப் பிளந்து நடுவில் செக்கச்செவேல் என்று கிடந்தது. பக்கத்து மீனவர் வாடிகளுக்கு நெருப்புப் போகவில்லை. பாண்டிருப்பு மீனவர் தன் போட்டைப் பார்க்க வந்த இடத்தில் தன்னந்தனியாக மணல் அள்ளி எறிந்துகொண்டிருந்தார். ரெசின் பீப்பாய்கள் மூன்றும் வெளியே தண்ணீர் ஓரத்தில் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மச்சான் நின்றார். முகம் கரி. இரண்டு கைகளும் தொடையோரம் தொங்கின.

எனக்கு அந்த முகம் மட்டும்தான் தெரிந்தது. சாம்பல் கொண்டுவந்த முகம். ரெசின் கலக்குகிற துடுப்பு மணலில் கிடந்தது, அதை எடுத்தேன். முதல் அடி தோளில். ஒங்கட சாம்பல், ஒங்கட சாம்பல் என்று கத்திக்கொண்டே இரண்டாவதை வாயில் போட்டேன். பல் தெறித்ததைக் கண்டேன். அவர் கையைத் தூக்கவில்லை. அடிக்கிறவனைப் பார்த்து மனிதன் கையைத் தூக்குவான் அல்லவா? அவர் தூக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன், இன்னும் வெறி ஏறிற்று. முழங்காலில் உதைத்தேன். விழும்போதும் கையை ஊன்றாமல் முழங்கையில் விழுந்தார். விழுந்தவரின் விலாவில் மிதித்தேன். ஜும்ஆ முடிந்து வந்த சனம் சுற்றி நின்றது. ஒருவரும் கிட்ட வரவில்லை, என் கையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்.

மீனவர்தான் வந்தார். மணல் வாளியால் என் பிடரியில் ஓங்கி அடித்தார். நான் குப்புற விழுந்தேன். அவர் என் தலைமயிரைப் பிடித்து மச்சான் பக்கம் திருப்பினார்.

"அந்த மனிசன்ர கையப் பார். பீப்பாய்க்கு மேல விழுந்து கிடந்த நெருப்புக் கட்டிய வெறுங்கையால தள்ளிப்போட்டு மூண்டையும் வெளிய உருட்டினவர். அது வெடிச்சிருந்தா இந்தக் கரையில ஒரு வாடியும் மிஞ்சியிருக்காது."

பார்த்தேன். உள்ளங்கை என்று ஒன்று இருக்கவில்லை. உருகிய ரெசின் விரல்களுக்கு இடையில் இறுகி, தோல் மணிக்கட்டில் உறைமாதிரித் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனபோது நானும் ஏறினேன். வழி முழுக்க அவர் வாயில் இருந்து இரத்தம் என் சாரனில் ஒழுகியது. வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. தங்கச்சி வந்தாள். கைகளைப் பார்த்தாள், பிறகு வாயைப் பார்த்தாள். தாதியிடம் மெதுவாக ஒன்று கேட்டாள், நெருப்பு பல்லையும் உடைக்குமா என்று. தாதி என்னைப் பார்த்தாள். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேற் பூட்டு. நான் போய் நின்று ஸலாம் சொல்வேன், உள்ளே இருந்து பதில் ஸலாம் வரும், ஏனென்றால் அது கடமை. அதற்கு மேல் ஒரு சொல் வராது. என் மனைவி கறி கொடுத்து அனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வரும். பள்ளிவாசலில் இருந்து இரண்டு பேர் போய்ப் பேசிப் பார்த்தார்கள். அவள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். சின்ன வயதில் என் தோளில் இருந்து கடல் பார்த்தவள். அவள் சத்தம் போட்டிருந்தால், கல்லால் எறிந்திருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சும்மா இருந்தாள். அது என்னைக் கொன்றது.

ஆனாலும் நான் ஒன்றை விடவில்லை. அடித்தது பிழை, ஆனால் சாம்பல்தான் போட்டை எரித்தது, சாம்பல் கொண்டுவந்தது அவர். இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரவில் படுத்தேன், காலையில் எழும்பினேன். அதை நிரூபித்தால் பாதிக் குற்றமாவது அவர் பக்கம் போகும், அவளும் பாதிக் கேற்றையாவது திறப்பாள் என்று ஒரு பைத்தியக் கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எரிந்த கொட்டிலின் சீமெந்துத் தரையில் மூன்று பால்மா டின்களை வைத்தேன். மூன்றிலும் ஒரே அளவு ரெசின், ஒரே அளவு ஹார்ட்னர். ஒன்றில் தூள் இல்லை. ஒன்றில் வேறொரு கொட்டிலில் கெஞ்சி வாங்கிய கொஞ்சம் சோக்குத் தூள். மற்றதில் உமிச் சாம்பல். இரண்டுக்கும் அரை டின், என் வழமைக் கணக்குத்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் நீட்டு ஆணி ஒன்றைத் தலை வெளியே தெரிய நிறுத்தினேன்.

தூள் இல்லாதது முதலில் புகைந்து வெடித்தது. அது தெரிந்ததுதான். சோக்கு டின் ஆறுதலாகச் சூடேறியது. வெளியில் கை வைத்தாலும் ஆணியைத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சூடு, பொறுக்கக்கூடிய சூடு. சாம்பல் டின் அரை டின் தூளையும் விழுங்கிவிட்டு, தூளே போடாததுபோல ரெசினாகவே கிடந்தது. கனமில்லாத தூள், காற்றை விட்டுவிட்டு ரெசினைக் குடித்திருந்தது. வெளியில் கை வைத்தேன். அதே இளஞ்சூடு. அன்று நான் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொழப் போன அதே நெற்றி. பிறகு ஆணியின் தலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்தேன்.

சுர் என்றது. கையை இழுக்கத்தான் வந்தது, இழுக்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் பிடித்துத் தள்ளியிருப்பார் என்று பார்க்க நினைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். பெருவிரல் தோல் ஆணியில் ஒட்டியிருந்தது.

இப்போது நினைத்தால் வெட்கம், அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோசம். கண்டுபிடித்துவிட்டேன். சாம்பல் சூட்டை வெளியே விடாது, கைக்குக் காட்டாது, உள்ளேயே வைத்துக் கொதிக்கவைக்கும். குற்றவாளி அதுதான். டின் ஆறும்வரை காத்திருந்து, அன்று பிந்திப் போய் வெளி விறாந்தையில் தொழுதேன். தொழுதுவிட்டு நேரே தங்கச்சியின் கேற்றுக்குப் போனேன். ஸலாம் சொன்னேன். பதில் வந்தது. டின்னை கேற்றுக்கு மேலால் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாம்பல் சூட்டை உள்ளுக்கே பிடித்து வைக்கிறது, நான் கை வைத்துப் பார்த்தும் தெரியாமல் போனது அதனால்தான் என்றேன்.

அவள் வந்து கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சமையல் காஸ் இல்லாத காலம் அது, எல்லா வீட்டிலும் விறகடுப்பு. அவளுடைய கையில் சாம்பல் படிந்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கதைத்தாள். அண்ணனைக் கூப்பிடுகிற பழைய சொல்லால்தான் கூப்பிட்டாள், குரலில் கோபம்கூட இல்லை.

"காக்கா, ராவைக்கு அடுப்புல தணலச் சாம்பலால மூடி வெக்கிற எதுக்கு? அணைக்கிறதுக்கா?"

தூக்கிய டின்னை நான் மெல்ல இறக்கினேன்.

"விடிய மட்டும் சூடு போகாம இரிக்கத்தானே. இது எனக்குத் தெரியும், ஒங்கட பொஞ்சாதிக்குத் தெரியும், இறக்காமத்தில வயல் செய்ற மனிசனுக்குத் தெரியாதா? அண்டைக்கி விடியவே எனக்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தவர், மச்சான மூணு தரமா ஊத்தச் சொல்லணும் எண்டு. சொன்னாரா இல்லயா?"

சொன்னார். வாளியால் அளக்காதீர்கள் என்றும் சொன்னார், உள்ளுக்கு எப்படியோ என்றும் சொன்னார். மூன்றையும் நான் கேட்டேன். ஆட்களுக்கு முன்னால் சிரித்தேன். ஹார்ட்னரை இரட்டித்தது நான், ஒரேயடியாகக் கவிழ்த்தது நான், துணியைப் போட்டது நான், மணம் வந்தும் முதல் வரிசையில் ஒட்டிக்கொண்டு இருந்தது நான். அவர் அத்தனையும் தெரிந்துதான் ஓடிப் போய்ப் பீப்பாய்க்கு மேலே கிடந்ததைத் தள்ளினார். பிறகு நான் வந்து அவர் பல்லை உடைத்தேன்.

"ஓம், சொன்னவர்" என்றேன். டின்னை நிலத்தில் வைத்தேன். இவ்வளவு வயதுக்கு நான் அப்படி அழுததில்லை, மூக்கால் தண்ணீர் ஓட, தெருவில் ஆட்கள் போகப் போக.

அவள் கேற்றைத் திறந்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றாள், அவ்வளவுதான்.

உள்ளே பாய் விரித்து சஹன் வைத்திருந்தாள். நாலு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. வெள்ளிக்கிழமைச் சோறு, ஆவி பறக்க. ஒரு பக்கத்தில் மச்சான் இருந்தார். அந்தக் கிழமைதான் இரண்டாம் தடவை தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கையும் வெள்ளைக் கட்டு, மடியில் கிடந்தன. அவருக்கு முன்னால் என்னை இருக்கச் சொன்னாள்.

"இவ்வளவு நாளும் நான்தான் இவருக்குச் சோறு தீத்தின. இண்டைக்கி நீங்க தீத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

துடுப்புப் பிடித்த கை அது. சோற்றைக் குழைத்தேன், தோல் போன பெருவிரலில் கறி பட்டு நெருப்பாக எரிந்தது. உருட்டி நீட்டினேன். நான் கையைக் கிட்டக் கொண்டுபோனதும் அவருடைய தோள் தன்பாட்டில் ஒருதரம் பின்னுக்கு ஒடுங்கியது. அதை அவர் அடக்கிக்கொண்டார். வாயைத் திறந்தார். முன்னால் இரண்டு பல் இல்லை. அந்த இடைவெளிக்குள் நான் சோற்றை வைத்தேன். அவர் வாயை மூடவில்லை, கண்ணில் தண்ணீர் வர அப்படியே வைத்திருந்தார். நான் பயந்துபோனேன்.

"சூடு மச்சான்" என்றார். "ஊதித் தாங்க."